வாங்குபவரின் ஏஜென்ட்டுக்கு விற்பவர் தரும் போனஸ்: வீட்டுத் தரகில் நெறி எங்கே தவறுகிறது?

ஒரு வீடு விற்பனைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. பார்க்க வருபவர்கள் குறைந்துபோனார்கள். விற்பவரின் ஏஜென்ட் மற்ற ஏஜென்ட்டுகளுக்கு ஒரு தகவல் அனுப்புகிறார்: “இந்த மாதக் கடைசிக்குள் பார்ட்டியைக் கொண்டுவந்து முடித்துக் கொடுத்தால், வழக்கமான கமிஷனுக்கு மேல் 5,000 டாலர் போனஸ்.” சுற்றுவட்டாரத்தில் தொழில் செய்யும் ஏஜென்ட்டுகள் எல்லோருக்கும் அது போய்ச் சேர்கிறது. அந்த வீட்டை வாங்கப்போகிற குடும்பத்துக்கு மட்டும் போவதில்லை.

அமெரிக்க ரியல் எஸ்டேட் தொழிலில் இது பழைய வழக்கம். வீடு கட்டி விற்கும் பெரிய நிறுவனங்களும் செய்கின்றன, தனி வீட்டுக்காரர்களும் செய்கிறார்கள். விற்பவர் தன் பணத்தைத் தருகிறார், ஏஜென்ட் தன் உழைப்புக்கு வாங்கிக்கொள்கிறார், இதில் என்ன தப்பு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்வதற்கு முன்னால், இந்தத் தொழிலில் பணம் எந்த வழியாக ஓடுகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

அங்கே ஒரு வீட்டு விற்பனையில் பொதுவாக இரண்டு ஏஜென்ட்டுகள் இருப்பார்கள். விற்பவர் அமர்த்திக்கொள்பவர் லிஸ்டிங் ஏஜென்ட். வாங்குபவரைக் காரில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகக் காட்டி, விலை பேசி, பத்திரம் வரைக்கும் கூட வருபவர் வாங்குபவரின் ஏஜென்ட். விற்பவர் மொத்தமாக 5 அல்லது 6 சதவீதம் கமிஷன் ஒப்புக்கொள்வார். அதில் ஏறக்குறைய பாதியை லிஸ்டிங் ஏஜென்ட், எதிர்த் தரப்பு ஏஜென்ட்டுக்குப் பகிர்ந்து கொடுப்பார். நீண்ட காலம் இதுதான் நடைமுறை. அதாவது, வாங்குபவருக்கு யோசனை சொல்ல வேண்டியவரின் ஊதியம் எதிர்த் தரப்பின் கையிலிருந்து வருகிறது. அதுவும் விலையில் சதவீதமாக வருகிறது. விலை ஏறினால் அவருக்கும் ஏறும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1990-கள் வரை, வாங்குபவரோடு சுற்றிய ஏஜென்ட்டும் சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் விற்பவரின் துணை முகவர்தான். “எங்களால் இவ்வளவு வரை கொடுக்க முடியும்” என்று வாங்குபவர் அவரிடம் மனம்விட்டுச் சொன்னால், அதை விற்பவரிடம் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இருந்தது. 1983-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் ஊழியர்கள் வெளியிட்ட அறிக்கை, வாங்குபவர்களில் பெரும்பாலானோர் அந்த ஏஜென்ட் தங்களுக்காகத்தான் வேலை செய்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்ததை வெளிக்கொண்டுவந்தது. அதற்குப் பிறகு மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டத்தை மாற்றின. வாங்குபவரின் ஏஜென்ட் உண்மையிலேயே வாங்குபவரின் ஏஜென்ட் ஆனார். கடமை இந்தப் பக்கம் வந்துவிட்டது, ஆனால் பணம் பழையபடி அந்தப் பக்கத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது. போனஸ் பற்றிய சிக்கல் எல்லாம் இந்த இடைவெளியில்தான் முளைக்கிறது.

ஐயாயிரம் டாலரின் இரண்டு எடைகள்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் விலை 4,00,000 டாலர். வாங்குபவரின் ஏஜென்ட் தரப்புக்கு 2.5 சதவீதம், அதாவது 10,000 டாலர் கமிஷன். வீடு விற்காமல் கிடக்கிறது, விற்பவர் 5,000 டாலர் விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறார். அவருக்கு இரண்டு வழிகள். விலையை 3,95,000 ஆகக் குறைக்கலாம். அல்லது விலையை அப்படியே வைத்துக்கொண்டு 5,000 டாலரை வாங்குபவரின் ஏஜென்ட்டுக்குப் போனஸாக அறிவிக்கலாம். விற்பவரைப் பொறுத்தவரை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே செலவு.

வாங்குபவர் பக்கத்திலிருந்து பார்த்தால் முதல் வழியில் அவருக்கு 5,000 டாலர் மிச்சம். இரண்டாவதில் ஒன்றுமில்லை. ஏஜென்ட் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் தலைகீழ். விலையைக் குறைத்தால் அவருடைய கமிஷன் 125 டாலர் குறைகிறது. போனஸ் என்றால் 10,000 டாலர் 15,000 ஆகிறது. வீட்டின் விலையில் அந்தத் தொகை ஒன்றேகால் சதவீதம்தான். ஏஜென்ட்டின் வருமானத்தில் அது 50 சதவீத உயர்வு.

விலைக் குறைப்பைவிடப் போனஸ் வேகமாக வேலை செய்கிறது என்று ஏஜென்ட்டுகள் சொல்வதற்குக் காரணம் இதுதான். அப்படி அது வேலை செய்தால் எந்த வழியாக வேலை செய்கிறது? வீடு அழகாகவில்லை. விலை குறையவில்லை. வாங்குபவரின் தேவை மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்று: வாங்குபவர் நம்பியிருக்கும் ஆளின் விருப்பம். அந்தப் போனஸுக்குப் பலன் இருக்கிறது என்றால், யாரோ ஓர் ஏஜென்ட் அது இல்லாவிட்டால் காட்டியிருக்காத வீட்டைக் காட்டுகிறார், அல்லது சொல்லியிருக்கக்கூடிய ஒரு குறையைச் சொல்லாமல் விடுகிறார், அல்லது பேரத்தில் கொஞ்சம் சீக்கிரம் இறங்கிவருகிறார் என்று பொருள். பலனே இல்லை என்றால் விற்பவரின் பணம் வீண். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு நல்ல விளக்கம் கிடைக்கிறதா என்று நான் தேடிப் பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டு உண்டு, பின்னால் வருகிறேன். ஆனால் பெரும்பாலான போனஸ்களுக்கு அவை பொருந்துவதில்லை.

இது வெறும் ஊகம் இல்லை. பாஸ்டன் நகரைச் சுற்றியுள்ள பகுதிகளில் 1998 முதல் 2011 வரை விற்பனைக்கு வந்த ஆறரை லட்சம் வீட்டுப் பட்டியல்களைப் பார்விக், பதக், வாங் என்ற மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் அலசினார்கள். வாங்குபவரின் ஏஜென்ட்டுக்கு வழக்கத்தைவிடக் குறைவான கமிஷன் தருவதாகச் சொன்ன வீடுகள் விற்பதற்கான வாய்ப்பு 5 சதவீதம் குறைந்திருந்தது, விற்க ஆன காலமும் 12 சதவீதம் கூடியிருந்தது. வீடு மோசம் என்பதோ லிஸ்டிங் ஏஜென்ட் ஒழுங்காக உழைக்கவில்லை என்பதோ காரணமில்லை, வாங்குபவரின் ஏஜென்ட்டுகள் அந்த வீடுகளை ஒதுக்கியதே காரணம் என்பது அவர்களின் முடிவு. குறைந்த கமிஷன் ஆளை விலக்கும் என்றால், கூடுதல் பணம் ஆளை இழுக்கும் என்று எதிர்பார்க்க பெரிய யோசனை தேவையில்லை.

தொழிலில் இதை ‘ஸ்டீயரிங்’ என்கிறார்கள். வாங்குபவரை வண்டியைத் திருப்புவதுபோல் ஒரு பக்கமாகத் திருப்பிவிடுவது. இதே சொல்லுக்கு அங்கே இதைவிடக் கசப்பான இன்னொரு பொருளும் உண்டு. நிறத்தையும் இனத்தையும் பார்த்து, இன்னாருக்கு இன்ன பகுதியில்தான் வீடு காட்டுவது என்று வைத்திருந்த வழக்கத்துக்கும் அதே பெயர்தான். 1968-இன் நியாயமான குடியிருப்புச் சட்டம் அதற்குத் தடை போட்டது. இரண்டும் ஒரே அளவு கொடுமை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டிலும் வாங்குபவருக்குக் காட்டப்படாத வீடு எது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. பார்த்த வீட்டைப் பற்றி ஒருவர் கேள்வி கேட்கலாம். பார்க்காத வீட்டைப் பற்றி எப்படிக் கேட்பது?

எல்லாப் போனஸும் ஒன்றல்ல

போனஸ் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தால், எது எவ்வளவு மோசம் என்று புரியும்.

தேதியோடு கட்டிய போனஸ் அதிகம் நடப்பது. மாதக் கடைசிக்குள், காலாண்டு முடிவதற்குள், பள்ளி திறப்பதற்குள். இது வாங்குபவரின் நேரத்தைத் தின்கிறது. வீட்டைச் சோதனை செய்ய ஒரு நல்ல ஆளைப் பிடிப்பதற்கும், கூரையையும் அஸ்திவாரத்தையும் இரண்டாவது முறை பார்ப்பதற்கும், வேறொரு வீட்டோடு ஒப்பிடுவதற்கும் நாள் வேண்டும். ஒவ்வொரு நாளும் ஏஜென்ட்டின் போனஸை நெருக்குகிறது. “இந்த வீடு போய்விடும், சீக்கிரம் முடிவு பண்ணுங்கள்” என்று அவர் சொல்லும்போது, போகப்போவது வீடா போனஸா என்று வாங்குபவரால் பிரித்துப் பார்க்க முடியாது.

பொருளாகத் தருவது இன்னொரு வகை. சுற்றுலா, பரிசு அட்டை, வருடத்தில் இத்தனை வீடு முடித்துக் கொடுத்தால் இன்னது என்று கட்டுமான நிறுவனங்கள் அறிவிக்கும் திட்டங்கள். பெரும்பாலான மாநிலங்களில் தனி ஏஜென்ட் ஒருவர் தன் புரோக்கர் நிறுவனத்தின் வழியாக மட்டுமே தொழில் ஊதியம் பெற முடியும். கட்டுமான நிறுவனம் நேராக அவர் கையில் கொடுப்பது உரிம விதிக்கே விரோதம். புரோக்கர் நிறுவனத்தின் கணக்கில் பதிவாகாத பணம் வாங்குபவரின் கண்ணுக்கு வர வழியே இல்லை என்பதால், சடங்குபோலத் தெரியும் இந்த விதிக்கு நல்ல காரணம் உண்டு.

என்னை அதிகம் தொந்தரவு செய்வது மூன்றாவது வகை: “கேட்ட முழு விலைக்கு முடித்தால் போனஸ்.” இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாங்குபவரின் ஏஜென்ட் செய்யும் வேலைகளில் தலையாயது விலையைக் குறைத்துப் பேசுவது. அதற்காகத்தான் அவரை வைத்துக்கொள்கிறோம். முழு விலைப் போனஸ், அந்த ஒரு வேலையைச் செய்யாமல் இருப்பதற்கான கூலி. வழக்கில் நம் வக்கீலுக்கு எதிராளி பணம் கொடுத்து, “குறுக்கு விசாரணை வேண்டாம்” என்று சொல்வதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வாங்குபவருக்குத் தெரியப்படுத்தினாலும் இது சரியாகிவிடாது என்றே நினைக்கிறேன். தன் ஏஜென்ட் பேரம் பேசாமல் இருக்கப் பணம் வாங்குவதை எந்த வாங்குபவர் விவரம் புரிந்து ஒப்புக்கொள்வார்? ஒப்புக்கொண்டார் என்றால் அவருக்குச் சரியாக விளக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, நல்ல காரணம் உள்ளவை? வீடு நகரத்திலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது, ஒருமுறை காட்டிவர அரை நாள் ஆகும். வாடகைக்கு இருப்பவர் கதவைத் திறக்க மறுக்கிறார், நாலு தடவை அலைய வேண்டியிருக்கிறது. பத்திரத்தில் வில்லங்கம், ஏஜென்ட் அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டும். விலை மிகக் குறைந்த வீடு, சதவீதக் கமிஷனில் பெட்ரோல் செலவுகூட வராது. இங்கெல்லாம் கூடுதல் தொகை கூடுதல் வேலைக்குப் போகிறது. இதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அப்படிப்பட்ட தொகைக்கு ஓர் அடையாளம் இருக்கும். அதன் காரணத்தை ஏஜென்ட் வாங்குபவரின் முகத்துக்கு நேரே சொல்ல முடியும்.

ஒரு ஹோட்டலும் ஒரு கோடி யூரோவும்

ரகசியமாக வாங்கும் பணத்தைப் பற்றிச் சட்டத்துக்கு நெடுங்காலமாகவே குழப்பம் இல்லை. ஒருவருக்காகப் பேரம் பேசப் போனவர் எதிர்த் தரப்பிடம் மறைவாகக் கமிஷன் வாங்கினால், அதை அவர் வைத்துக்கொள்ள முடியாது. குழப்பம் இருந்தது வேறொன்றில்: அந்தப் பணம் அவர் திருப்பித் தர வேண்டிய கடனா, அல்லது முதலிலிருந்தே அவரை அமர்த்தியவருடைய சொத்தா?

1890-இல் லிஸ்டர் என்ற நிறுவனம் ஸ்டப்ஸ் என்ற தன் ஊழியர்மீது தொடுத்த வழக்கில், அது வெறும் கடன்தான் என்று இங்கிலாந்து நீதிமன்றம் சொன்னது. நிறுவனத்துக்குச் சரக்கு வாங்கும் பொறுப்பில் இருந்த ஸ்டப்ஸ், சரக்கு விற்பவரிடம் கமிஷன் வாங்கி அதில் ஒரு பகுதியை நிலத்தில் போட்டிருந்தார். நிலத்தின்மீது நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்றாயிற்று. ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்தத் தீர்ப்பு விவாதத்திலேயே இருந்தது.

முடிவு வந்தது ஒரு கட்டட விற்பனையால். 2004-இல் மொனாக்கோவில் உள்ள மான்டி கார்லோ கிராண்ட் ஹோட்டலை 21 கோடியே 15 லட்சம் யூரோ கொடுத்து ஒரு முதலீட்டுக் கூட்டு வாங்கியது. வாங்குபவர்களுக்காகப் பேரம் பேசியது சீடார் கேபிடல் பார்ட்னர்ஸ் என்ற நிறுவனம். அதே நிறுவனம் விற்பவருடன் தனியாக ஒப்பந்தம் போட்டு, விற்பனை முடிந்தால் 1 கோடி யூரோ வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு செய்திருந்தது. வாங்கியவர்களுக்கு இது ஒழுங்காகச் சொல்லப்படவில்லை. வழக்கு ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014 ஜூலையில் ஏழு நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: முகவர் வாங்கும் லஞ்சமோ ரகசியக் கமிஷனோ அவர் கைக்கு வந்த நொடியிலிருந்தே அவரை அமர்த்தியவருக்கு உரியது, அவர் அதை வெறுமனே பாதுகாத்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். முகவர் திவாலானாலும், அந்தப் பணத்தை வேறு எதிலாவது போட்டுப் பெருக்கியிருந்தாலும், உரிமை அமர்த்தியவருக்கே.

இந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த விஷயம், கணக்கை வைத்துக்கொண்டு யாரும் தப்ப முடியாது என்பது. “கமிஷன் வாங்கியதால் வாங்குபவருக்கு நஷ்டம் எதுவும் இல்லையே, விலை நியாயமானதுதானே” என்ற வாதம் இதில் எடுபடாது. விசுவாசம் பிளவுபட்டதே குற்றம். விற்பவர் 1 கோடி யூரோவைத் தூக்கிக் கொடுக்கத் தயாராக இருந்தார் என்றால், அந்த 1 கோடியை விலையில் குறைத்திருக்கவும் அவரால் முடிந்திருக்கும் என்பது சாதாரண ஆளுக்கும் புரியும் நியாயம்.

அமெரிக்காவின் வீட்டுப் போனஸ் இந்த வகையில் அப்படியே அடங்குவதில்லை. மான்டி கார்லோவில் நடந்தது மறைவில். வீட்டுப் போனஸ் ஏஜென்ட்டுகளின் உலகத்துக்குள் பகிரங்கமாகவே பேசப்பட்டது. விற்பனைக்கு வந்த வீடுகளை ஏஜென்ட்டுகள் ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்ளும் எம்.எல்.எஸ். என்ற கூட்டுப் பட்டியலில், அவர்கள் மட்டும் பார்க்கக்கூடிய பகுதியில் 2024 வரை கமிஷன் அளவும் போனஸும் எழுதியிருந்தது. தொழிலுக்குள் அது ரகசியம் இல்லை. அதனாலேயே தப்பாகவும் தோன்றவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை மறைத்ததாக யாரும் நினைப்பதில்லை, தெரிய வேண்டிய ஒருவருக்கு அது தெரியாமல் இருந்தாலும்.

சட்டம் திறந்து வைத்த கதவு

1974-இல் வந்த ரியல் எஸ்டேட் தீர்வு நடைமுறைச் சட்டத்தை அமெரிக்காவில் ரெஸ்பா என்பார்கள். அதன் 8-ஆம் பிரிவு கடுமையானது. வீட்டுக் கடன் கொடுப்பவரோ, பத்திரக் காப்பீட்டு நிறுவனமோ (வீட்டின் உரிமையில் பின்னால் வில்லங்கம் வந்தால் ஈடுகட்டும் காப்பீடு இது), தங்களிடம் வாடிக்கையாளரை அனுப்பியதற்காக ஏஜென்ட்டுக்கு எதையும் கொடுக்கக்கூடாது. மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு: ஏஜென்ட்டுகளும் புரோக்கர்களும் தங்களுக்குள் செய்துகொள்ளும் கூட்டுறவு, பரிந்துரை ஏற்பாடுகளுக்குத் தடை பொருந்தாது.

இந்த விலக்குக்குக் காரணம் இருக்கிறது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயரும் வாடிக்கையாளரை அங்குள்ள நல்ல ஏஜென்ட்டிடம் ஒப்படைப்பது உண்மையான உதவி, அதற்குப் பரிந்துரைக் கட்டணம் தருவது தொழிலில் எல்லோருக்கும் வழக்கம். ஆனாலும் இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். காப்பீட்டு நிறுவனம் ஏஜென்ட்டுக்கு 200 டாலர் பரிசு அட்டை கொடுத்தால் குற்றமாகலாம். எதிர்த் தரப்பு அதே ஏஜென்ட்டுக்கு 5,000 டாலர் போனஸ் கொடுத்தால் அந்தப் பிரிவு கண்டுகொள்வதில்லை. வாங்குபவரின் வாழ்க்கையில் எந்த முடிவு பெரியது, காப்பீடு யாரிடம் எடுப்பது என்பதா, எந்த வீட்டை என்ன விலைக்கு வாங்குவது என்பதா?

இந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டியது தொழில் நெறி விதிகள்தான். அமெரிக்க ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டுகளின் தேசிய சங்கமான என்.ஏ.ஆர். 1908-இல் தொடங்கியது, 1913-இல் தன் நெறிக் கோவையை ஏற்றுக்கொண்டது. அதன் 7-ஆம் விதி, சட்டம் அனுமதித்தாலும்கூட, ஒன்றுக்கு மேற்பட்ட தரப்பிடம் ஊதியம் பெறுவதானால் எல்லாத் தரப்புக்கும் தெரியப்படுத்தி, தன் வாடிக்கையாளரின் விவரமறிந்த சம்மதத்தையும் பெற வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் ஊதியம் முழுவதும் விற்பவர் பக்கத்திலிருந்தே வந்துகொண்டிருந்தபோது, வாங்குபவரின் ஏஜென்ட் ‘ஒன்றுக்கு மேற்பட்ட தரப்பிடம்’ வாங்கவில்லை. ஒரே ஒரு தரப்பிடம்தான் வாங்கினார். அது எதிர்த் தரப்பு! கமிஷனும் போனஸும் ஒரே திசையிலிருந்து வந்ததால் விதியின் சொற்கள் அவரைத் தொடாமல் போக இடம் இருந்தது.

2023-இல் எல்லாம் குலுங்கியது. மிசூரி மாநிலத்து வீட்டுக்காரர்கள் தொடுத்த வழக்கில், அக்டோபர் 31 அன்று கான்சஸ் சிட்டியில் கூடிய ஜூரி, என்.ஏ.ஆர். அமைப்பும் சில பெரிய புரோக்கர் நிறுவனங்களும் கமிஷனை உயர்த்தி வைக்கச் சதி செய்தன என்று முடிவு சொல்லி, ஏறக்குறைய 180 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. அடுத்த மார்ச்சில் என்.ஏ.ஆர். 41.8 கோடி டாலர் தந்து சமரசத்துக்கு வந்தது. பணத்தைவிட முக்கியம், 2024 ஆகஸ்ட் 17 முதல் அமலுக்கு வந்த நடைமுறை மாற்றங்கள். எம்.எல்.எஸ். பட்டியலில் எதிர்த் தரப்பு ஏஜென்ட்டுக்கு இவ்வளவு என்று இனி எழுதக்கூடாது. வீடு காட்டுவதற்கு முன்பே வாங்குபவரோடு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதில் ஊதியம் தெளிவான எண்ணாக இருக்க வேண்டும். “விற்பவர் எவ்வளவு தருகிறாரோ அவ்வளவு” என்று எழுத முடியாது.

போனஸைப் பொறுத்தவரை நான் மிகவும் வரவேற்பது இன்னொரு நிபந்தனையை: வாங்குபவரோடு ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல், எந்தப் பக்கத்திலிருந்தும் அந்த ஏஜென்ட் பெறக்கூடாது. 2.5 சதவீதம் என்று எழுதியிருந்தால் 2.5 சதவீதம்தான். விற்பவர் 5,000 டாலர் கூடுதலாக நீட்டினாலும் ஏஜென்ட்டால் தொட முடியாது. ஒரே வரியில், போனஸுக்கு அது வரைக்கும் இருந்த வேர் அறுபட்டது. ஒப்பந்தத்தைப் பாதியில் திருத்திப் போனஸுக்கு இடம் செய்துகொள்ளும் முயற்சிகள் வரக்கூடும். ஆனால் அதற்கு வாங்குபவரின் கையெழுத்து வேண்டும், கையெழுத்து கேட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

சொல்லிவிட்டால் போதுமா?

நெறி பற்றிப் பேசும்போதெல்லாம் “வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை” என்ற பதில் வந்துவிடுகிறது. நானும் முன்பு அப்படித்தான் நினைத்தேன். இப்போது அந்த நம்பிக்கை எனக்கு இல்லை.

கெய்ன், லோவன்ஸ்டீன், மூர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. ஒரு ஜாடியில் காசுகள். எவ்வளவு பணம் என்று ஒருவர் ஊகிக்க வேண்டும், ஜாடியை அருகில் பார்த்த இன்னொருவர் அவருக்கு யோசனை சொல்வார். சில குழுக்களில், ஊகிப்பவர் அதிகமாகச் சொன்னால்தான் யோசனை சொல்பவருக்குப் பணம். இந்த விஷயத்தை ஊகிப்பவரிடம் சொல்லிவிட்டபோது என்ன நடந்தது? யோசனை சொன்னவர்கள் இன்னும் கூடுதலாகவே ஏற்றிச் சொன்னார்கள். “சொல்லிவிட்டோமே” என்ற நிம்மதி அவர்களைத் தளர்த்திவிட்டது என்பது ஒரு விளக்கம். கேட்டவர்கள் கொஞ்சம் குறைத்து எடுத்துக்கொண்டார்கள், ஆனால் போதுமான அளவுக்குக் குறைக்கவில்லை. கடைசியில் தெரிந்தவர்களே தெரியாதவர்களைவிட அதிகம் இழந்தார்கள்.

வீடு வாங்குபவரின் நிலையில் இதை வைத்துப் பாருங்கள். “இந்த வீட்டை முடித்தால் எனக்கு 5,000 டாலர் போனஸ் உண்டு” என்று ஏஜென்ட் சொல்கிறார். நேர்மையான மனிதர் என்று வாங்குபவருக்குத் தோன்றும், நம்பிக்கை கூடத்தான் செய்யும். அப்புறம் அவர் சொல்லும் யோசனையில் எந்த அளவு கழித்துக்கொள்வது? அதற்கு வாய்ப்பாடு எதுவும் இல்லை. அதிலும் சொல்வது எப்போது என்பது பெரிய விஷயம். வீடு பிடித்துப்போய், பிள்ளைகள் எந்த அறை யாருக்கு என்று பிரித்துக்கொண்ட பிறகு சொல்வதும், முடிக்கும் நாளில் கணக்குத் தாளில் ஒரு வரியாகக் காட்டுவதும் வெளிப்படையில் சேராது. வீட்டைக் காட்டக் கிளம்பும் முன்பு சொன்னால் மட்டுமே அந்தத் தகவலுக்குப் பயன் உண்டு.

ஆகவே தெரியப்படுத்துவது அவசியம், ஆனால் அதோடு பணமும் கைமாற வேண்டும். போனஸை வாங்குபவரின் கணக்கில் சேர்த்துவிடும் ஏஜென்ட், தன் யோசனையின் மேல் விழுந்த நிழலைத் தானே துடைத்துவிடுகிறார். கமிஷனில் ஒரு பகுதியை வாங்குபவருக்குத் திருப்பித் தருவதைச் சில அமெரிக்க மாநிலங்கள் தடுக்கின்றன என்பது வருத்தம். வாங்குபவருக்கு நல்லது செய்யும் வழி அங்கே அடைபட்டிருக்கிறது.

விற்பவரையும் மறந்துவிடக்கூடாது. போனஸ் தரும் யோசனை பெரும்பாலும் அவருடைய ஏஜென்ட்டிடமிருந்து வருகிறது. அந்த ஏஜென்ட்டுக்கு என்ன அவசரம்? லெவிட், சைவர்சன் என்ற பொருளியலாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், சிகாகோ பகுதியில் விற்ற ஏறக்குறைய ஒரு லட்சம் வீடுகளைப் பார்த்தார்கள். ஏஜென்ட்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்தார்கள், 3.7 சதவீதம் அதிக விலை பெற்றார்கள். மற்றவர் வீடு என்றால் சீக்கிரம் முடித்துவிட்டார்கள். காத்திருந்தால் வரும் கூடுதல் விலையில் ஏஜென்ட்டுக்குக் கிடைப்பது ஒரு துளி, காத்திருக்கும் வேலை முழுக்க அவருடையது. “ஒரு போனஸ் போட்டால் வேகமாக முடியும்” என்ற யோசனை வரும்போது விற்பவர் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. லிஸ்டிங் ஏஜென்ட் தன் கமிஷனிலிருந்து அந்தப் போனஸைத் தருவாரா என்று கேட்டால், யோசனையின் தரம் ஓரளவு தெரிந்துவிடும்.

இதையெல்லாம் எழுதுவதால் ஏஜென்ட்டுகளை ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாதச் சம்பளம் இல்லாத தொழில் இது. ஆறு மாதம் ஒரு குடும்பத்தோடு அலைந்து, கடைசி நாளில் அவர்களின் கடன் நிராகரிக்கப்பட்டால் ஏஜென்ட்டுக்கு ஒரு காசு கிடையாது. போனஸ் வந்த வீட்டைப் பற்றி வாங்குபவரிடம் வாயைத் திறந்து சொல்லி, அதன் குறையையும் காட்டி, “வேண்டாம்” என்று தடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த மாதம் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். நல்லவர்கள் தங்கள் நல்லதனத்துக்குக் கையிலிருந்து விலை கொடுக்க வேண்டிய ஏற்பாடு என்பதே போனஸின் மேல் எனக்குள்ள பெரிய குறை.

வாங்குபவர் ஒருவர் செய்யக்கூடியது எளிது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், “எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பெயரில் வந்தாலும், இதற்கு மேல் வரும் தொகை எனக்கே சேரும்” என்று ஒரு வரி எழுதச் சொல்லலாம். கூட்டிப்போகும் ஒவ்வொரு வீட்டுக்கும், போனஸோ பரிசோ உண்டா என்று வாசலில் இறங்கும் முன்பே கேட்கலாம். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விற்பவருக்கோ கூட்டுப் பட்டியலிலேயே இடம் இருக்கிறது. ஏஜென்ட்டுக்கு இவ்வளவு என்று எழுதுவதைத்தான் 2024-இன் மாற்றங்கள் தடுத்தன. வாங்குபவருக்குத் தரும் சலுகையைத் தடுக்கவில்லை, ஏஜென்ட்டின் கூலியோடு அதை முடிச்சுப் போடாதவரை. மாதக் கடைசிக்குள் விற்றாக வேண்டும் என்று தவிக்கும் அந்த வீட்டுக்காரர், அதே 5,000 டாலரை வைத்துக்கொண்டு, எல்லோரும் படிக்கிற இடத்தில் இப்படி எழுதலாம்: “30-ஆம் தேதிக்குள் முடிந்தால், வாங்குபவரின் பத்திரச் செலவில் 5,000 டாலர் எங்களுடையது.”